ஏழாம் நம்பர் முளை

என் மனைவியைப் போல இடம் பார்க்கத் தெரிந்த ஆளை நான் கண்டதில்லை. வீட்டு மனையைச் சொல்லவில்லை. ஒரு ராத்திரி டென்ட் போட்டுப் படுத்து, விடிவதற்குள் சுருட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வந்துவிடுவதற்கான இடத்தைச் சொல்கிறேன். தர்மபுரி மாவட்டத்தில் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் அவள் அருமை.

எங்கள் கடை அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. லாரிக்கு நம்பர், டிராக்டர் டிரெய்லருக்குப் பெயர், பால் கேனுக்கு எண் என்று பெயின்ட்டும் பிரஷ்ஷுமாகப் பிழைப்பு. கடைக்குப் பின்னாலேயே வீடு. லாரி டிரைவர்களுக்கு எங்கள் படுக்கையறை மேல் என்ன கோபமோ, சரியாக அந்தச் சுவருக்கு நேராக வந்ததும்தான் ஹாரனை அமுக்குவார்கள். நான் எழுந்து ஜன்னலைத் திறந்து திட்டிவிட்டு மறுபடி படுத்துவிடுவேன். அவள் திட்டவும் மாட்டாள், தூங்கவும் மாட்டாள். மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவளுக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் தூக்கம் வந்தாலே பெரிய விஷயம் என்றாகிவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் பகலில்தான் தூங்கினாள்.

ஒரு தடவை அரூர் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது மொபெட் பஞ்சர். கடை எதுவும் இல்லாத இடம். ரோட்டை விட்டு உள்ளே போய் ஒரு வேப்பமரத்தடியில் துண்டை விரித்து, விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தோம். நான்தான் கொசுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் படுத்தவள் படுத்தவள்தான். காலையில் எருமை ஓட்டிக்கொண்டு வந்தவர் இருமிய சத்தத்தில்தான் கண்ணைத் திறந்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரமே ஆன்லைனில் டென்ட் வாங்கிவிட்டேன். பச்சை நிறம், இரண்டு பேர் படுக்கலாம். பக்கத்து வீட்டில் என்ன பார்சல் என்று கேட்டார்கள். கொசுவலை என்று சொன்னோம். வீடு இருக்கும்போது புருஷனும் பொண்டாட்டியும் காட்டில் போய்ப் படுக்கிறார்கள் என்று தெரிந்தால் ஊர் சும்மா விடுமா? ஒன்று எங்களுக்குள் சண்டை என்பார்கள், இல்லை என்றால் பேய் பிடித்துவிட்டது என்பார்கள்.

சரி, டென்ட் வந்தாயிற்று. எங்கே போடுவது? நான் பார்த்த இடமெல்லாம் சொதப்பல். ஏரிக்கரையில் போட்டால் குடிக்க வருகிறார்கள். பாறை மேல் போட்டால் காதலிக்க வருகிறார்கள். சுடுகாட்டுப் பக்கம் ஒருவரும் வரமாட்டார்கள் என்று தைரியமாகப் போய்ப் போட்டேன், அங்கே சீட்டாடுகிறவர்கள் டார்ச்சை அடித்து, "நீங்களும் உக்காருங்கண்ணா" என்று கூப்பிட்டார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இந்த நாட்டில் ஒரு மனுஷன் நிம்மதியாகப் படுக்க ஆறடி இடம் கிடையாதா என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள். "நம்ம பக்கம் ஆளில்லாத எடம்னு ஒண்ணு கெடையாதுங்க. ஆளில்லாத நேரம்தான் இருக்குது. நீங்க எடத்தத் தேடறீங்க. நேரத்தத் தேடணும்."

அவள் பத்து வருஷம் பால் சொசைட்டியில் வேலை பார்த்தவள். யார் எப்போது எழுகிறார்கள், எப்போது கறக்கிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மோட்டார் ரூம் இருக்கிற நிலத்தைத் தொடவே மாட்டாள். த்ரீ ஃபேஸ் கரண்ட் எந்த நேரத்தில் விட்டாலும் சுவிட்ச் போட ஆள் ஓடி வரும். கிணறு இல்லாத மானாவாரிக் காடாகப் பார்ப்பாள்; எங்கள் பக்கம் மழையை நம்பி விதைக்கிற நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர். ஆட்டுப் புழுக்கை காய்ந்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பாள். ஆறரை மணிக்கு ஆடுகள் திரும்பிப் போனதும் டென்ட், காலையில் எல்லோரும் சொசைட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருக்கிற அந்த அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிடுவது. விளக்குக் கிடையாது, அடுப்புக் கிடையாது. புளிசாதமும் தண்ணீரும் மட்டும். கிளம்பும்போது படுத்த இடத்துப் புல்லைக் கையால் நீவி நிமிர்த்திவிட்டுத்தான் வண்டியில் ஏறுவாள். அடுத்த ஆள் வந்து பார்த்தால் அங்கே ஒரு முயல் படுத்த அடையாளம்கூட இருக்காது. இரண்டு வருஷம், ஒரு ஆள் எங்களைப் பார்த்ததில்லை.

இதில் என் பங்கு என்னவென்றால் முளைகள். டென்ட்டை இழுத்துக் கட்டத் தரையில் அடிக்கிற குச்சிகளுக்கு என்னமோ இங்கிலீஷ் பெயர் போட்டிருந்தான். ஆடு கட்ட அடிக்கிறது போலவே இருந்ததால் அவள் முளை என்றாள், எங்கள் வீட்டில் அதுவே பெயராகிவிட்டது. மொத்தம் ஒன்பது. சாம்பல் நிறம், மண்ணில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. ஒரு தடவை ஒன்றைத் தேடி அரை மணி நேரம் தவழ்ந்த எரிச்சலில், வீட்டுக்கு வந்ததும் ஒன்பதுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்து, தலைப்பக்கம் வெள்ளையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் எழுதிவிட்டேன். விரல் தடிமன் இருக்கிற குச்சியில் எண் எழுதுவது லேசுப்பட்ட காரியமில்லை. ஏழுக்கு இடுப்பில் ஒரு சின்னக் கோடு போடுவது என் வழக்கம், அதையும் விடவில்லை.

"ஆடு கட்டற மொளைக்கு நம்பர் எதுக்குங்க?" என்று சிரித்தாள்.

"எண்ணிப் பாக்கறதுக்கு. ஒண்ணு கொறஞ்சா எதுன்னு தெரியணும்ல!"

போன ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு ஊர். ஊரைத் தாண்டி, உழுது போட்ட ஒரு செம்மண் காட்டோரத்தில் புங்கமரமும் கொஞ்சம் புல்லும் இருந்தன. அவள் இறங்கி மண்ணை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஓட்டிப் போட்டுட்டு மழைக்குக் காத்துட்டு இருக்காங்க. மழ வர்ற வரைக்கும் இங்க யாருக்கும் வேல இல்ல."

அவள் கணக்கில் தப்பே இல்லை. அந்த ராத்திரியே மழை வந்ததற்கு அவள் என்ன செய்வாள்! சும்மா தூறல் இல்லை, கொட்டித் தீர்த்துவிட்டது. காற்றுக்கு டென்ட் நிற்காது போலிருந்ததால் ஒரு கயிற்றை நீளமாக இழுத்து, ஏழாம் நம்பர் முளையை உழவு மண்ணுக்குள் கொண்டுபோய் அடித்தேன். நனைந்தது நான், திட்டியது வானத்தை. அவள் உள்ளே படுத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே தூங்கியும் விட்டாள்.

மழை விட்டதும் அவளே எழுப்பினாள். "ஏங்க, கெளம்புங்க. மழ பெஞ்சா பால் நேரமெல்லாம் கணக்கில்ல. மொத வேலையா காட்டத்தான் பாக்க வருவாங்க."

அவசர அவசரமாகச் சேற்றோடு சுருட்டினோம். வண்டியில் ஏறும்போது கேட்டாள், "மொளைய எண்ணினீங்களா?"

"எண்ணிட்டேன்."

"ஒன்பதும் இருக்குதா?"

"எண்ணிட்டேன்னு சொல்றேன்ல!" என்று எரிந்து விழுந்தேன்.

எண்ணவில்லை. எண் போட்டவனும் நான்தான், எண்ணாமல் வந்தவனும் நான்தான். அவள் நம்பி ஏறிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் ஒரு பால்காரர் கடைக்கு வந்தார். முப்பது வயதிருக்கும், வண்டியில் எட்டுக் கேன். ஒன்றிலிருந்து எட்டு வரை எண் எழுதித் தரவேண்டும் என்றார். எழுத ஆரம்பித்தேன். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கொஞ்சம் சீக்கிரம் போடுங்கண்ணா. ஊர்ல கூட்டம். எங்கூர்ல கல்லு நட்டுட்டாங்க."

எங்கள் பக்கத்தில் கல் நட்டுட்டாங்க என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. நிலத்தை எடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். ரோடோ, பைப்போ, கரண்ட் டவரோ, முதலில் கல் வரும், அப்புறம்தான் காகிதம் வரும்.

"எந்த ஊர்ங்க?" என்று கேட்டேன். சொன்னார். பிரஷ் நின்றுவிட்டது.

"கல்லுன்னா கல்லு இல்லண்ணா. செவப்புக் குச்சி. ஏழுன்னு நம்பர் போட்டிருக்குது. அப்ப ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் எங்க? எட்டு எங்க? நாலு நாளா ஊரே தேடுது. ஒருத்தர் கயிறு புடிச்சுப் பாத்துட்டு, நேரா போனா பள்ளிக்கூடமே போயிரும்ங்கறாரு. இன்னொருத்தரு கோயிலு போயிரும்ங்கறாரு."

"புடுங்கிப் போட வேண்டியதுதானே?"

"புடுங்குனா கேஸுண்ணா! யாரு கைய வெக்கிறது? அந்தக் காட்டுக்கார அக்காதான் பாவம். வீட்டுக்காரரு பெங்களூர்ல வாட்ச்மேன். ஒத்தையா ரெண்டு ஏக்கரப் பாத்துக்குது. வெதக்கடல ஒடச்சு மூட்டையில வெச்சுட்டு, நல்ல மழ பெஞ்சும் வெதைக்காம உக்காந்திருக்குது. எடுக்கப்போற நெலத்துல வெதச்சா அதும் போச்சேன்னு பயம். இன்னிக்கு விட்டா ஈரம் போயிரும். ஒடச்ச கடல அடுத்த மழைக்குத் தாங்குமா? இந்த வருசம் அதுக்கு அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தார். என் பிரஷ்ஷுக்குக் கீழே ஏழாவது கேன். இடுப்பில் கோடு போட்ட ஏழு, ஈரம் காயாமல் பளபளவென்று இருந்தது.

"அட! அந்தக் குச்சியில இருக்கறதும் இதே மாதிரித்தாண்ணா. பாத்த ஒடனே தெரியும், கவர்மெண்ட் எழுத்துன்னு. அவ்வளவு திருத்தம்."

என் எழுத்தை ஒருத்தர் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும் என்று இருபது வருஷமாக ஆசை. அது வந்த நேரத்தைப் பாருங்கள்! "எல்லா ஏழும் ஒரே மாதிரித்தான் இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு எட்டை எழுதி முடித்து, அவரை அனுப்பிவிட்டேன். அந்த எட்டு என் வாழ்நாளில் எழுதியதிலேயே கோணலான எட்டு.

திரும்பினால் அவள் நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் முளைப் பை. கடை மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது.

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. "வண்டிய எடுங்க" என்றாள்.

"இப்பவேவா? பொழுது சாயட்டும். யாருக்கும் தெரியாம போய்ப் புடுங்கிட்டு வந்தர்றேன்."

"புடுங்கிட்டா? குச்சியக் காணோம்னா என்ன நெனப்பாங்க? அளந்து முடிச்சிட்டாங்கன்னுதான் நெனப்பாங்க. அந்த அக்காவுக்கு விஷயம் தெரியணும். பொழுது சாயறதுக்குள்ள தெரியணும். அவங்களுக்கு இன்னிக்கு ஒரு நாள்தாங்க இருக்குது."

"ஏம்மா, என்னன்னு சொல்றது? புருஷனும் பொண்டாட்டியும் வூடு வாசல் இருந்தும் உங்க காட்டுல வந்து படுத்தோம்னா? சிரிப்பா சிரிப்பாங்க!"

"சிரிக்கட்டும்."

கடையைச் சாத்தினேன். டென்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினாள். இரண்டு வருஷமாக ஒரு கண்ணிலும் படாமல் இருப்பதில் எங்களுக்கு எவ்வளவு பெருமை! அந்தப் பெருமையைத்தான் அவள் அந்தப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

நாங்கள் போகும்போது பதினொரு மணி இருக்கும். புங்கமரத்தடியில் முப்பது பேர். முன்னால் வந்துவிட்ட பால்காரரும் அதில் இருந்தார். உழவு மண்ணில் என் ஏழாம் நம்பர் முளை நின்றுகொண்டிருந்தது. ஆடு மாடு இடித்துவிடாமல் அதைச் சுற்றி மூன்று கல் வைத்திருந்தார்கள். பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தன் நிலத்தைப் பிடுங்க வந்ததாக நினைத்த குச்சிக்கு அவரே காவல் இருக்கிறார். அது காணாமல் போனால் தன் மேல் கேஸ் வருமே என்ற பயம்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு மறந்தே போய்விட்டது. "அக்கா, அது... அந்தக் குச்சி... எங்களுதுங்க" என்றேன்.

கூட்டம் மொத்தமும் எங்கள் பக்கம் திரும்பியது.

"எந்த டிபார்ட்மெண்ட்டுங்க?" என்றார் ஒருவர்.

"டிபார்ட்மெண்ட் இல்லீங்க. நாங்க தூங்க வந்தோம்."

"தூங்க வந்தாங்களாம்! கேட்டுக்கங்கப்பா! இப்பல்லாம் இப்படித்தான் வேசம் போட்டு வந்து அளந்துட்டுப் போறாங்க."

பால்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அண்ணா, நீங்க நம்பர் எழுதற கடைக்காரரு தானே?" நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் இருந்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். "அப்ப கவர்மெண்ட்டுக்கு நம்பர் எழுதிக் குடுக்கற ஆளே இவருதானா!"

எனக்கு வந்ததே கோபம். தப்பு என் மேல் இருக்கும்போதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வரும். "யோவ், நான் எழுதினது என் மொளைக்கு! என் டென்ட்டு மொளைக்கு!" என்று கத்தினேன். நான்கு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள்.

அவள் என் கையைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். யாரையும் பார்க்காமல் நேராக அந்த அம்மாவிடம் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"அக்கா, சொன்னா நம்பமாட்டீங்க. போட்டே காமிச்சர்றோம். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

உச்சி வெயிலில், முப்பது பேர் சுற்றி நிற்க, நாங்கள் டென்ட் போட்டோம். ஒளிந்து ஒளிந்து செய்த காரியத்தை ஊர் நடுவில் செய்ததில் எனக்குக் காது இரண்டும் கொதித்தன. அவள் மட்டும் இருட்டில் போடுவது போலவே நிதானமாகப் போட்டாள். புல்லில் பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. முதல் முளையை எடுத்து எண்ணைக் கூட்டத்துக்குக் காட்டினாள், ஓட்டையில் சொருகினாள்.

"ஒண்ணு" என்றார் பால்காரர்.

இரண்டுக்கு நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆறு வரும்போது மொத்தக் கூட்டமும் சொன்னது. அப்புறம் அவள் நீளக் கயிற்றை எடுத்து உழவு மண்ணுக்குள் நடந்தாள். மூன்று கல்லுக்கு நடுவில் நின்ற முளைக்கும் கயிற்றுச் சுருக்குக்கும் ஒரு விரற்கடைகூட வித்தியாசமில்லை. மாட்டினாள். கயிறு விறைத்தது, டென்ட் நிமிர்ந்து நின்றது.

"ஏழு!" என்று ஊரே கத்தியது.

யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடம் தப்பியது, கோயில் தப்பியது. டென்ட்டுக்குள் தலையை விட்டுப் பார்க்க ஒரே தள்ளுமுள்ளு. அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து டென்ட் துணியைத் தொட்டுப் பார்த்தார், கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"வூடு இல்லீங்களா உங்களுக்கு?" என்று என் மனைவியிடம் கேட்டார்.

"இருக்குதுங்க்கா."

"பொறவு எதுக்கு இங்க?"

"ரோட்டோர வூடுங்க. லாரிச் சத்தத்துல எனக்குத் தூக்கமே வராது. இந்த மாதிரி எடத்துலதான் வருது. அதான்."

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, நீ தூங்கறதுக்கு என் தூக்கத்த எடுத்துட்டுப் போயிட்டியே! நாலு நாளா நான் கண்ண மூடல."

என் மனைவிக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. தூக்கமில்லாமல் கிடப்பது என்னவென்று அவளுக்குத் தெரியாதா? நான் முன்னால் போனேன். "அக்கா, அவ மேல தப்பில்லீங்க. எண்ணிப் பாருங்கன்னு சொன்னா. எண்ணாமயே எண்ணிட்டேன்னு சொன்னது நான்தான். என்னத் திட்டுங்க."

ஊர் முன்னால் அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன். அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? குனிந்து ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். முதல் கணு வரைக்கும் காய்ந்த மண். இரண்டாவது கணுவும் போனது. விரலை எடுத்துப் பார்த்தார். நுனியில் ஈரச் செம்மண் ஒட்டியிருந்தது.

"இருக்குது" என்றார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "என்னப்பா வேடிக்க? யாரு வூட்டு மாடு சும்மா நிக்குது? ஏரப் பூட்டுங்க! திட்டறதெல்லாம் அப்பறம் திட்டிக்கலாம், ஈரம் நிக்குமா?"

இன்றைக்கும் அதை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. எங்களை என்ன வேண்டுமானாலும் பேச அவருக்கு நியாயம் இருந்தது. அந்த ஈரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட எங்கள் மேல் வீணாக்கவில்லை அந்த மனுஷி.

அரை மணி நேரத்தில் இரண்டு ஏர் வந்தது. முளையை என்னையே பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். ஏர் முன்னால் போக, பின்னால் விதை போட ஆள் பத்தாமல் எங்கள் இரண்டு பேர் மடியிலும் கடலையைக் கொட்டினார். என் மனைவிக்குக் கை சீக்கிரம் பழகிவிட்டது. நான் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று நின்று நின்று பார்த்தேன்.

"ஏங்க, நம்பர் எழுதற மாதிரி ஒவ்வொண்ணா நிறுத்தி வெக்காதீங்க! போயிட்டே இருங்க!" என்று பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது. அப்போதுதான் அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

ஏர் புங்கமரத்தோரம் வந்தபோது நிறுத்தச் சொன்னார். முளை நின்ற குழியில் மண் தள்ளி ஆழத்தைக் குறைத்து, என் கையில் இரண்டு விதைக்கடலையை வைத்தார். "இங்க நீங்களே போடுங்க."

போட்டு மூடினேன். மேலே விரலால் அழுத்தியும் விட்டேன்.

பொழுது விழும்போது இரண்டு ஏக்கரும் முடிந்தது. அந்த அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார். நான் கேட்காமலேயே இன்னொரு உருண்டை வைத்துவிட்டு, "இங்கியே டென்ட்டப் போட்டுப் படுத்துட்டுப் போங்க. இனி யாருக்கு ஒளிக்கணும்?" என்றார். வாசலிலேயே போட்டோம். ஊரே ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. தெரு விளக்கு மேலேயே எரிந்தது, நாய் குரைத்தது, இரண்டு வீடு தள்ளி டிவி ஓடியது. என் மனைவி படுத்ததும் தூங்கிவிட்டாள். திண்டாடியது நான்தான், கட்டிலைக் கதவோரம் போட்டுப் படுத்த அந்த அம்மா விட்ட குறட்டையில்.

காலையில் கிளம்பும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்த கையோடு பக்கத்து வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். கொசுவலை இல்லை, டென்ட் என்று. அவர்கள் நான் பயந்தது போல ஒன்றும் சிரிக்கவில்லை, விலை என்ன என்று கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள் காலை, ஒரு லாரியின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"டென்ட்டுக்காரருங்களா? நாந்தாங்க பேசறேன், கடலக் காட்டுக்காரி. காட்டுல மொள வந்துருக்குதுங்க!"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். முளைப் பையை மேசை மேல் கவிழ்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு, எட்டு, ஒன்பது. இன்னொரு தடவை எண்ணினேன்.

"அக்கா, ஒன்பதும் எங்கிட்டத்தான் இருக்குதுங்க! இந்தத் தடவ சத்தியமா எண்ணிட்டேன். அது நாங்க இல்லீங்க! நீங்க பயப்படாதீங்க, எவன் அடிச்சான்னு நான் வந்து கேக்கறேன்!"

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மூச்சு வாங்க வாங்க, பக்கத்தில் யாரிடமோ விஷயத்தைச் சொல்லி அவர்களும் சேர்ந்து சிரித்து.

"ஐயோ, கடலக்கா மொளங்க! வெதச்சது மொளச்சிருக்குது! ரெண்டு ஏக்கராவும் சால் தப்பாம வந்திருக்குதுங்க. நீங்க போட்ட ரெண்டும் வந்திருச்சு. ஆடு மாடு மிதிச்சரக் கூடாதுன்னு, அன்னிக்கு வெச்சிருந்த அதே மூணு கல்ல அதுங்களச் சுத்தி வெச்சிருக்கறேன்."